அப்பாவோட ஃபோட்டோவ ஸ்டிக்கர் ஆக்கின கிளாஸ் குரூப்: தாராவி பையன் ஒருத்தனோட கேஸ்

இது தாராவியில இருந்து சயான் பக்கம் இருக்கற ஒரு சிபிஎஸ்இ ஸ்கூலுக்குப் போற 13 வயசு பையனோட கேஸ். பையன் பேரு, ஸ்கூல் பேரு, எந்த வருஷம்னு எதுவும் சொல்ல மாட்டேன், அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்கள மாத்தியும் வச்சிருக்கேன். சிறார் நீதிச் சட்டம் 2015-ல 74ஆம் பிரிவு பாதிக்கப்பட்ட புள்ள, தப்பு பண்ணின புள்ள ரெண்டு பேரோட அடையாளமும் வெளிய வரக்கூடாதுன்னு தான் சொல்லுது. வீட்ல கேட்டு, பையன்கிட்டயும் கேட்டு, அவங்க சரின்னு சொன்னப்புறம் தான் எழுதறேன்.

நான் தாராவி, சயான் கோலிவாடா பக்கம் பசங்களுக்கு கவுன்சிலிங் பண்ற வேலையில இருக்கேன். இத எழுதறதுக்கு ஒரே காரணம், இந்த மாதிரி ஒண்ணு நடந்தா ஸ்கூலும் சரி வீடும் சரி 'யார் பண்ணினா'ன்னு தேடி அவன புடிச்சு தண்டிக்கறதோட நின்னுடறாங்க, கூட நின்னு சிரிச்ச, சிரிக்காம சும்மா பாத்துட்டு இருந்த மத்த நாப்பது பசங்கள யாரும் கண்டுக்கறதே இல்ல, ஆனா இந்த கேஸ்ல நிலைமைய மாத்தினது அந்த நாப்பது பேர்ல இருந்து வந்த மூணு பேர் தான்.

பையனும் வீடும்

ஊரு தூத்துக்குடி பக்கம், தாத்தா காலத்துல மும்பை வந்த குடும்பம். அப்பா சைக்கிள்ல இட்லி விக்கறவரு. மும்பையில காலைல எந்த ஏரியாவுல பாம் பாம்னு ரப்பர் ஹார்ன் சத்தத்தோட இட்லி சைக்கிள் வந்தாலும் அதுல நெறைய தாராவில இருந்து கிளம்பினதா தான் இருக்கும். ராத்திரியே மாவு அரைச்சு வச்சு, விடியறதுக்கு முன்னாடி அம்மா எந்திரிச்சு இட்லி ஊத்த ஆரம்பிப்பாங்க, ஆறு ஆறரைக்கெல்லாம் பெரிய அலுமினிய பாத்திரத்துல இட்லி, ஒரு தூக்குல சட்னி, இன்னொரு தூக்குல சாம்பார்னு கட்டிக்கிட்டு அப்பா கிளம்பிடுவாரு. பையன் தான் சட்னிக்கு தேங்கா துருவி குடுத்துட்டு ஸ்கூலுக்கு ரெடியாவான்.

அந்த ஸ்கூல்ல அவன் சேர்ந்தது கட்டாய கல்விச் சட்டம் 2009-ல இருக்கற 25 சதவீத இட ஒதுக்கீட்டுல. அதே சட்டப்படி ஃபீஸ் இல்லாம படிக்கறது எட்டாவது வரைக்கும் தான், ஒன்பதாவதுல இருந்து ஸ்கூல் என்ன பண்ணும்னு வீட்ல எல்லாருக்கும் ஒரு பயம். இத ஏன் சொல்றேன்னா, அம்மா ரொம்ப நாள் கம்ப்ளெயின்ட் பண்ணாம இருந்ததுக்கு இந்த பயம் தான் காரணம். 'நாம போய் ஏதாச்சும் கேட்டு, சீட்ட புடுங்கிட்டாங்கன்னா?'ன்னு என்கிட்டயே கேட்டாங்க. எட்டாவது முடிக்கற வரைக்கும் ஸ்கூல விட்டு அனுப்ப முடியாதுன்னு அதே சட்டத்துல 16ஆம் பிரிவு சொல்லுது, 17ஆம் பிரிவு உடம்பால அடிக்கறதையும் மனசு நோகற மாதிரி துன்புறுத்தறதையும் தடை பண்ணுது. இத முதல்லயே யாராச்சும் அந்த அம்மாகிட்ட உக்காந்து சொல்லியிருந்தா ரெண்டு மாசம் வீணாகியிருக்காது.

என்ன நடந்துச்சு

ஒரு நாள் காலைல ஸ்கூல் பஸ் சிக்னல்ல நிக்கறப்போ, கிளாஸ் பையன் ஒருத்தன் ஜன்னல் வழியா அந்த அப்பாவ ஃபோட்டோ எடுத்திருக்கான். வாய திறந்து 'இட்லீ...'ன்னு கூப்பிட்டுக்கிட்டே ஹார்ன அமுக்கற மாதிரி ஃபோட்டோ. வாட்ஸ்அப்லயே பின்னாடி இருக்கறத வெட்டிட்டு ஸ்டிக்கர் பண்ணிடலாம், ஒரு நிமிஷ வேலை கூட இல்ல. கீழ இங்கிலீஷ் எழுத்துல 'அப்பா வந்தாச்சு'ன்னு தமிழ்ல எழுதி கிளாஸ் குரூப்ல போட்டுட்டான். அந்த குரூப்ல டீச்சர் யாரும் கிடையாது, பசங்களே ஹோம்வொர்க் கேக்கறதுக்குன்னு ஆரம்பிச்சது. நம்ம பையன் அதுல அம்மா ஃபோன் நம்பர்ல இருந்தான், வீட்ல இருந்த ஸ்மார்ட்ஃபோனே அது ஒண்ணு தான்.

யாரும் பேர் சொல்லல, ஆனா யாரோட அப்பான்னு எல்லாருக்கும் தெரியும். மராத்தி, குஜராத்தி, ஹிந்தி பேசற பசங்க அர்த்தம் கேட்டு, அந்த ரெண்டு தமிழ் வார்த்தைய கிளாஸே கத்துக்கிச்சு. யாராச்சும் லேட்டா வந்தா ஸ்டிக்கர், மார்க் கம்மியானா ஸ்டிக்கர், கிரிக்கெட்ல விக்கெட் விழுந்தா ஸ்டிக்கர். அப்புறம் அது ஃபோன்ல இருந்து கிளாஸுக்குள்ள வந்துச்சு, அட்டெண்டன்ஸ்ல இவன் 'பிரசன்ட் மேம்'னு சொன்னா பின் பெஞ்ச்ல இருந்து மெதுவா 'பாம் பாம்'. டீச்சருக்கு அது சும்மா சத்தம், 'சைலன்ஸ்'னு சொல்லிட்டு போர்டுக்கு திரும்பிடுவாங்க.

புல்லிங்னா, அதாவது கூட படிக்கறவங்கள சீண்டி கொடுமை பண்றதுன்னா, என்னன்னு 1970கள்ல இருந்தே ஆராய்ச்சி பண்ணின டான் ஒல்வேயஸ்னு ஒரு சைக்காலஜிஸ்ட், அவரு மூணு விஷயம் சொல்லுவாரு: நோகடிக்கணும்ங்கற நோக்கம், திரும்பத் திரும்ப நடக்கறது, ரெண்டு பக்கத்துக்கும் பலம் சமமா இல்லாதது. இதுல அந்த 'திரும்பத் திரும்ப' தான் ஆன்லைன்ல ஏமாத்திடுது. நான் அப்புறம் பேசின ஒவ்வொரு பையனும் பொண்ணும் 'நான் ஒரு தடவ தான் போட்டேன்கா', 'நான் சும்மா ஒரு சிரிப்பு எமோஜி தான்கா போட்டேன்'னு சொன்னாங்க, அது உண்மையும் கூட. ஆளுக்கு ஒரு தடவ தான். ஆனா ராத்திரி அம்மா ஃபோன எடுத்துப் பாக்கற இவனுக்கு நாப்பது தடவ அவன் அப்பா மூஞ்சி. எந்த புள்ளைக்கும் தான் கொடுமை பண்ணின மாதிரியே தோணல, நாங்க ரொம்ப நேரம் செலவழிச்சதும் இந்த எடத்துல தான். அதே ஒல்வேயஸ் 2012-ல எழுதின ஒரு கட்டுரையில, ஆன்லைன்ல மாட்டற பசங்கள்ல பெரும்பாலானவங்க நேர்லயும் மாட்டறவங்க தான்னு சொல்லியிருப்பாரு. இந்த கேஸும் அப்படியே தான், அதனால ஃபோன புடுங்கிட்டா பிரச்னை தீர்ந்துடும்னு யாராச்சும் சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

வீட்ல யாருக்கும் தெரியல. திங்கக்கிழமை காலைல வயித்து வலின்னான், டாக்டர்கிட்ட போய் ஒண்ணும் இல்லன்னு வந்தாங்க. அப்பா போற ரோட்ட விட்டுட்டு சுத்திப் போக ஆரம்பிச்சான். ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு ஃபோன் பாத்தான், அம்மா கேம் விளையாடறான்னு நெனச்சு திட்டினாங்க. கண்டுபுடிச்சது டியூஷன் எடுக்கற அக்கா. ஸ்கூல்ல இருந்து நேரா டியூஷனுக்கு வர்ற பையன், டிபன் பாக்ஸ் கனமாவே இருக்குன்னு திறந்து பாத்தா வச்ச இட்லி அஞ்சும் அப்படியே இருக்கு, அடுத்த நாளும் அப்படியே. 'ஏம்ல சாப்பிடல?'ன்னு கேட்டதுக்கு பதில் சொல்லாம அழுதிருக்கான். கிளாஸ்ல இட்லி டப்பாவ திறக்கவே அவனால முடியல.

ஸ்கூல் முதல்ல பண்ணினது

விஷயம் தெரிஞ்சும் சீட்டு போயிடும்ங்கற பயத்துல அம்மா ரெண்டு மாசம் தயங்கினாங்க, அப்புறம் தான் அந்த அக்கா அவங்கள கூட்டிக்கிட்டு ஸ்கூலுக்குப் போனாங்க. பிரின்சிபல் உடனே நடவடிக்கை எடுத்தாங்க, அதுல குறை சொல்ல முடியாது, ஆனா எடுத்த நடவடிக்கை தான் எனக்கு இன்னைக்கும் வயித்தெரிச்சல். காலைல அசெம்பிளில, மொத்த ஸ்கூல் முன்னாடி, ஸ்டிக்கர் பண்ணினவனையும் இன்னும் ரெண்டு பேரையும் மேடையேத்தி, நம்ம பையனையும் பக்கத்துல நிக்க வச்சு, கை குடுத்து சாரி சொல்ல வச்சாங்க. அதுவரைக்கும் ஒரு செக்‌ஷனுக்குள்ள இருந்த விஷயம் ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. அன்னைக்கு சாயங்காலமே இவன குரூப்ல இருந்து தூக்கிட்டாங்க, இவன் இல்லாம வேற குரூப் ஆரம்பிச்சாச்சு, இவனுக்கு 'கம்ப்ளெயின்ட் பாக்ஸ்'னு புதுப் பேரும் வந்துச்சு. ராத்திரி இவன் பேர்லயே இன்ஸ்டாகிராம்ல ஒரு அக்கவுன்ட், ப்ரொஃபைல் ஃபோட்டோவா அதே ஸ்டிக்கர்.

சிபிஎஸ்இ 2015 மார்ச்லயே எல்லா ஸ்கூலுக்கும் சர்க்குலர் அனுப்பியிருக்கு, ஆன்டி புல்லிங் கமிட்டி வைக்கணும், அதுல வைஸ் பிரின்சிபல், சீனியர் டீச்சர், டாக்டர், கவுன்சிலர், பேரன்ட்ஸ் பக்கத்துல இருந்து ஒருத்தர்னு எல்லாரும் இருக்கணும்னு. இந்த ஸ்கூல்லயும் நோட்டீஸ் போர்டுல லிஸ்ட் ஒட்டியிருந்துச்சு. ஆனா அந்த கமிட்டி ஒரு தடவ கூட உக்காந்ததில்ல, லிஸ்ட்ல பேர் இருந்த டீச்சர் ஒருத்தருக்கு தான் அதுல மெம்பர்னே தெரியல.

முதல்ல பையன்

என்கிட்ட வந்தப்போ நான் முதல்ல கேட்டது ஸ்டிக்கர பத்தி இல்ல. சாப்பாடு, தூக்கம், அப்புறம் 'செத்துடலாம்னு எப்பவாச்சும் தோணியிருக்கா'ன்னு நேராவே கேட்டேன். இப்படி கேட்டா அந்த நெனப்பே வந்துடும்னு பெரியவங்க பயப்படறாங்க, அப்படி இல்ல, கேட்டா தான் புள்ள மனசுல இருக்கறது வெளிய வரும். 'இல்லக்கா, ஸ்கூல் இடிஞ்சு போனா நல்லா இருக்கும்னு தான் தோணும்'னான். தோணுதுன்னு சொல்ற புள்ளைங்கள ஒரு நிமிஷம் கூட தனியா விடாம டாக்டர்கிட்ட கூட்டிட்டு போகணும், மனநல உதவிக்கு டெலிமானஸ் ஹெல்ப்லைன் 14416 இருக்கு, தமிழ் உட்பட 20 மொழில பேசலாம், சின்ன புள்ளைங்களுக்கு 1098 ஹெல்ப்லைன் இருக்கு.

அம்மா எல்லாத்தையும் டிலீட் பண்ணிடறேன்னு நின்னாங்க. வேண்டாம்னு சொல்லி முதல்ல ஸ்க்ரீன்ஷாட் எடுத்தோம், தேதி, நேரம், அனுப்பின நம்பர் தெரியற மாதிரி, இன்ஸ்டா அக்கவுன்டோட லிங்கையும் தனியா காப்பி பண்ணி வச்சோம். அப்புறம் தான் அந்த அக்கவுன்ட 'வேற ஒருத்தர் பேர்ல நடத்தறாங்க'ங்கற காரணம் போட்டு ரிப்போர்ட் பண்ணினோம், குழந்தைக்காக பெத்தவங்களே ரிப்போர்ட் பண்ணலாம். 2021-ல வந்த ஐடி விதிகள்ல ஆள்மாறாட்டம், மார்ஃபிங் மாதிரி விஷயங்கள சம்பந்தப்பட்டவங்க புகார் குடுத்தா கம்பெனி 24 மணி நேரத்துக்குள்ள நடவடிக்கை எடுக்கணும்னு அப்ப எழுதியிருந்துச்சு. அக்கவுன்ட் போயிடுச்சு. ஸ்டிக்கர் அப்படி போகாது. மெசேஜ 'எல்லாருக்கும் டிலீட்' குடுத்தாலும் யாராச்சும் அத ஃபேவரிட்ல சேர்த்து வச்சிருந்தா அவங்க ஃபோன்ல அப்படியே இருக்கும், வெளிய இருந்து யாரும் எடுக்க முடியாது, அவங்களா எடுத்தா தான் உண்டு.

பையனுக்கு இருந்த ஒரே பெரிய பயம் அப்பா அத பாத்துடக்கூடாதுன்னு தான். அவனா சொல்றேன்னு சொல்ற வரைக்கும் நாங்க யாரும் அவருகிட்ட பேசல. அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை டியூஷன் அக்காவ பக்கத்துல வச்சுக்கிட்டு அவனே ஃபோன எடுத்து காட்டினான். அவரு கொஞ்ச நேரம் பாத்துட்டு, 'என் மூஞ்சிய பாத்து சிரிக்கறவன் சிரிச்சிட்டு போறான், நீ ஏம்ல பட்டினி கெடந்த?'ன்னு கேட்டாராம். எல்லாருக்கும் ஒரு நிம்மதி வந்துச்சு. ஆனா அடுத்த நாள்ல இருந்து அவரு அந்த ஸ்கூல் ரோட்டுக்கே போகல, அங்க பல வருஷ கஸ்டமர்ஸ், வாட்ச்மேன்ங்க, ஆட்டோக்காரங்க எல்லாம். வருமானம் கொறைஞ்சது வீட்ல தெரிஞ்சதும் பையனுக்கு இன்னும் குற்ற உணர்ச்சி, என்னால தான் அப்பா அங்க போகலன்னு. அப்பாகிட்ட 'அண்ணாச்சி, நீங்க ரூட்ட மாத்தினா அவனுக்கு என்ன தோணும்னு யோசிச்சு பாருங்க'ன்னு தனியா உக்காந்து பேச வேண்டியிருந்துச்சு. ஒரு வாரம் கழிச்சு பழைய ரோட்டுக்கே போனாரு.

அந்த நாப்பது பேர்

ஃபின்லாந்துல கிவான்னு ஒரு திட்டம் இருக்கு, துர்கு யுனிவர்சிட்டில கிறிஸ்டினா சல்மிவல்லியும் அவங்க டீமும் உருவாக்கினது. புல்லி பண்றவனுக்கு வேண்டியது கிளாஸ் முன்னாடி கெடைக்கற மதிப்பு, அத குடுக்கறது பாத்து சிரிக்கறவங்க, அதனால சிரிக்கறவங்கள மாத்துங்கங்கறது தான் அதோட அடிப்படை. ஸ்வீடன்ல அனடோல் பிகாஸ்னு ஒருத்தர் சம்பந்தப்பட்ட பசங்க ஒவ்வொருத்தரையும் தனித்தனியா கூப்பிட்டு, குத்தம் சாட்டாம பேசற ஒரு முறைய கொண்டுவந்தாரு. பிரின்சிபல்கிட்ட இத விளக்கி, இனிமே அசெம்பிளி வேண்டாம் மேம்னு கேட்டுக்கிட்டு, லைப்ரரில ஒரு ஓரத்துல உக்காந்து ஒவ்வொருத்தரா பேசினேன். 'நீ என்ன பண்ணின'ன்னு யாரையும் கேக்கல. 'அவனுக்கு இப்ப கிளாஸ்ல எப்படி இருக்குன்னு நெனக்கற?' அவ்வளவு தான் கேள்வி.

முதல் பெஞ்ச் பொண்ணு ஒருத்தி, மராத்தி பொண்ணு, ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, 'அவன் லன்ச்ல பாத்ரூம் பக்கம் போய் நின்னுக்கறான்'னு சொன்னா. 'நீ அத பாத்தியா?' 'டெய்லி பாக்கறேன்.' 'என்ன பண்ணலாம்னு தோணுது?' சண்டை போட பயமா இருக்குன்னா, அவளையும் சேர்த்து ஸ்டிக்கர் பண்ணிடுவாங்களாம். சண்டையே வேண்டாம், உன்னால பயமில்லாம முடியற சின்ன விஷயம் என்னன்னு கேட்டதுக்கு அவளா யோசிச்சு சொன்னது எனக்கே தோணியிருக்காது: குரூப்ல ஸ்டிக்கர் விழுந்தவுடனே அதுக்கு கீழ கணக்குல ஏதாச்சும் டவுட் கேட்டுடறேன், பேச்சு மாறிடும். அப்படியே பண்ணினா. சிரிப்பு வர வேண்டிய எடத்துல யாரோ 'பயிற்சி 3.2 நாலாவது கணக்கு யாருக்காச்சும் வந்துச்சா'ன்னு கேட்டா ஸ்டிக்கர் போட்டவனுக்கு எந்த ருசியும் இருக்காது.

ரெண்டாவது ஆளு இவனோட பழைய பெஞ்ச் பையன், தானும் மாட்டிக்குவோம்னு விலகிப் போனவன். அவன் திரும்ப லன்ச்ல கூட உக்கார ஆரம்பிச்சான். மூணாவது குரூப் அட்மின். அட்மினால மத்தவங்க மெசேஜயும் டிலீட் பண்ண முடியும்னு அவனுக்கு தெரியவே தெரியாது, சொல்லி குடுத்தப்புறம் அவனே பண்ணினான், ஃபேவரிட்ல இருந்து எடுங்கடான்னு குரூப்ல அவனே எழுதினான். டீச்சர் சொன்னா எடுத்திருப்பாங்களான்னா எனக்கு நம்பிக்கை இல்ல. கிளாஸ் டீச்சர்கிட்ட நாங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு, அட்டெண்டன்ஸ் எடுக்கறப்போ முன்னாடி நிக்காம பின் பெஞ்ச் பக்கம் நின்னு எடுங்க மேம்னு. ரெண்டே நாள்ல 'பாம் பாம்' நின்னு போச்சு.

ஸ்டிக்கர் பண்ணின பையன கடைசில தான் பாத்தேன். அவனும் தமிழ் பையன். அவங்க குடும்பமும் கொஞ்ச வருஷம் முன்னாடி வரைக்கும் தாராவில இருந்தவங்க, இப்ப செம்பூர்ல ஃப்ளாட். கிளாஸ்ல யாருக்கும் அது தெரியாது. நம்ம பையன் ஒரு தடவ எல்லார் முன்னாடியும் அவன்கிட்ட தமிழ்ல 'உங்க ஆச்சி எப்படி இருக்காங்க'ன்னு சாதாரணமா கேட்டிருக்கான், அதுல இருந்து தான் ஆரம்பம். தன்னையும் இட்லிக்காரன் கூட சேர்த்துடுவாங்களோங்கற பயத்துல முந்திக்கிட்டான். இது அவன் பண்ணினத சரின்னு ஆக்காது, ஆனா இத தெரிஞ்சுக்காம அவன மேடையில ஏத்தினதால தான் அந்த இன்ஸ்டா அக்கவுன்டே வந்துச்சு. அவன் சாரிய யாரும் கேக்காம, யாரும் பாக்காம, அப்பா சைக்கிள்கிட்ட போய் சொன்னான். 'சரிப்பா, நல்லா படி'ன்னு சொல்லி அனுப்பிட்டாரு.

போலீஸ், சட்டம்

போலீஸுக்கு போகலாமான்னு அப்பா கேட்டாரு. போகலாம், உங்க உரிமைன்னு தான் சொன்னேன், என்ன நடக்கும்னும் சொன்னேன். இன்னும் நெறைய பேர் ஐடி சட்டம் 66ஏ-ல கேஸ் போடலாம்னு சொல்லிக்கிட்டு இருக்காங்க, அத சுப்ரீம் கோர்ட் 2015 மார்ச் 24-லயே ரத்து பண்ணிடுச்சு. ஒருத்தர் அடையாளத்த திருடறது, ஆள்மாறாட்டம் பண்ணி ஏமாத்தறதுக்கெல்லாம் 66சி, 66டி இருக்கு. ஆனா 18 வயசுக்கு கீழ உள்ளவங்கன்னா கொடூரமான குற்றமா இல்லாத வரைக்கும், பெரியவங்க கூட சேர்ந்து பண்ணாத வரைக்கும், எஃப்ஐஆர் போட மாட்டாங்க, சிறார் நீதிச் சட்டத்தோட 2016 விதிகள்படி ஸ்டேஷன் டைரில பதிஞ்சு அந்த புள்ளையோட குடும்பச் சூழல் ரிப்போர்ட்டோட சிறார் நீதி வாரியத்துக்கு அனுப்புவாங்க. வீட்ல பேசி வேண்டாம்னு முடிவு பண்ணினாங்க.

ஆனா ஒரு விஷயத்துல மட்டும் யோசிக்கவே கூடாது. புள்ளையோட ஃபோட்டோ ஆபாசமா மாத்தப்பட்டிருந்தா, புள்ளையோட துணியில்லாத படம் ஏதாச்சும் வந்தா, அது ஸ்கூலுக்குள்ள பேசி முடிக்கற விஷயமே கிடையாது. போக்சோ சட்டம் 2012 வந்துடும், தெரிஞ்சவங்க போலீஸ்ல சொல்லியே ஆகணும், சொல்லாம மறைச்சா ஸ்கூல் பொறுப்புல இருக்கறவங்களுக்கு ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு. ஸ்கூல் பேர் கெட்டுடும்னு யாராச்சும் சமாதானம் பேச வந்தா கேக்காதீங்க. சைபர்கிரைம் போர்ட்டல்ல பெண்கள், குழந்தைகள் புகாருக்குன்னே தனி பகுதி இருக்கு.

இப்ப எப்படி

பையன் டிபன் காலியா தான் வருது. கணக்குல மார்க் விழுந்தது இன்னும் ஏறல, டியூஷன் அக்கா அத பாத்துக்கறாங்க. யாராச்சும் பின்னாடி சிரிச்சா தன்ன பத்தி தானோன்னு திரும்பிப் பாக்கறது இன்னும் இருக்கு, அது போக நாளாகும். ரெண்டு தமிழ் பசங்களும் ஃப்ரெண்ட்ஸ் ஆகிடல, ஆகணும்னு நாங்க யாரும் தள்ளவும் இல்ல.

கமிட்டி இப்ப உக்காருது. 25 சதவீத கோட்டாவுல படிக்கற புள்ளைங்களோட அம்மா அப்பாவுல ஒருத்தர அதுல போடணும்னு நாங்க எழுதிக் குடுத்திருக்கோம், ஏன்னா அந்த வீடுகள் தான் பயந்து வாய திறக்காம இருக்கு, இதுக்கு இன்னும் பதில் வரல. ஒன்பதாவது ஃபீஸ்ல பாதிய குறைக்க மேனேஜ்மென்ட்கிட்ட பேசிக்கிட்டு இருக்காங்க. புது வருஷத்துல செக்‌ஷன் மாத்துவாங்க, புது முகம் நெறைய வரும், புது குரூப்பும் ஆரம்பிப்பாங்க. அந்த முதல் பெஞ்ச் பொண்ணையும் பெஞ்ச் பையனையும் இவன் இருக்கற செக்‌ஷன்லயே போடுங்கன்னு கேட்டிருக்கோம், லிஸ்ட் ஒட்டறதுக்கு முன்னாடி பாக்கறேன்னு பிரின்சிபல் சொல்லியிருக்காங்க.